வெள்ளிக்கிழமை மீன் வாங்கிய வீடு

என்ரை அம்மாவுக்கு,

நீங்கள் இருக்கிற இடத்துக்குப் பேப்பர் வருகுதோ தெரியாது. வந்தாலும் மரண அறிவித்தல் பக்கத்தைத் தவிர நீங்கள் வேறொன்றும் பார்க்க மாட்டீர்கள். ஆனாலும் இதைப் பேப்பருக்குத்தான் எழுதுகிறேன். வீட்டுக்குள் வைத்துச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. இனி நாலு பேர் கேட்க உங்களோடு கதைக்கிறதுதான் சரி என்று முடிவெடுத்துவிட்டேன். வெளியாட்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்த சில விசயங்களைத் திரும்பவும் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் புதினம். உங்கள் கடைக்குட்டி, நீங்கள் சின்னராசு என்று கூப்பிட்ட என் தம்பி, அமைச்சராகிவிட்டான். என்ன அமைச்சு என்று கேட்காதீர்கள். பெயர் அவ்வளவு நீளம், இடையில் ஒருக்கால் மூச்சு விட்டுத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் கண்மூடும்போது அவன் பிரதேச சபையில் ஒரு உறுப்பினர், பின்னேரத்தில் ரியூசன் கொட்டிலில் வரலாறு படிப்பிக்கிற மாஸ்ரர். நீங்கள் போய் ஒரு வருசம் முடிய முதல் கொழும்பில் சத்தியப்பிரமாணம் எடுத்துவிட்டான். ரிவியில் பார்த்தேன். வேட்டி கட்டி, திருநீறு பூசி, நல்ல பிள்ளையாக நின்றான். நான் அழுதேன். சந்தோசத்தில்தான் அழுதேன்.

வெளியில் வந்ததும் மைக்குகளை நீட்டினார்கள். அவன் உங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எத்தனை தரம் போட்டுவிட்டார்கள், எனக்கு இப்போது வசனம் வசனமாகப் பாடம்.

“நான் ஒரு மீன்காரியின்ரை மகன். என்ரை அம்மா ஒரு வெள்ளிக்கிழமை, விரதத்தோடை, வெறும் வயித்தோடை, தலையிலை மீன் கடகத்தைச் சுமந்துகொண்டு நீர்வேலியிலை ஒரு வாழைத்தோட்ட வீட்டுப் படலையிலை நிண்டவ. தாகத்துக்குத் தண்ணி கேட்டவ. அந்த வீட்டிலை அவவுக்குத் தேங்காய்ச் சிரட்டையிலை தண்ணி குடுத்தவை. அதைக் குடிச்சுப்போட்டு வந்து எனக்குச் சொன்னவ, தம்பி, எல்லாருக்கும் ஒரே பேணியிலை தண்ணி குடுக்கிற ஆளாய் நீ வரவேணும் எண்டு. அண்டைக்கே நான் அரசியலுக்கு வந்திட்டன்.”

“எனக்குச் சொன்னவ” என்ற இடத்தில் குரல் உடைந்தது. மைக் பிடித்திருந்த ஒரு பிள்ளை கண்ணைத் துடைத்தது.

அம்மா, வெள்ளிக்கிழமையோ?

நீர்வேலியில் எந்தச் சைவ வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் வாங்கினார்கள்? வெள்ளிக்கிழமை என்றால் நீங்கள் கடகத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தலை தோய்ந்து, சந்நிதிக் கோயிலுக்குப் போகிற நாள். அன்றைக்கு மீனோடு ஒரு படலையில் போய் நின்றிருந்தால் தண்ணீரா கிடைத்திருக்கும், நல்ல ஏச்சுத்தான் கிடைத்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் மருமகனிடம் சொன்னேன். அவர் ரிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், “வாய் தவறிச் சொல்லியிருப்பான். உமக்கு எப்பவும் உவனிலை ஒரு எரிச்சல்,” என்றார்.

வாய் தவறுகிற ஆளோ அவன்? எங்கள் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். தம்பிக்கு வாய்தான் பூசை. பள்ளிக்கூடத்தில் விவாத மேடை, கம்பசில் மாணவர் சங்கம், இடம்பெயர்ந்து இருந்த இடத்தில் முகாம் குழு, திரும்பி வந்த பிறகு கோயில் திருவிழாப் பட்டிமன்றம். ஒவ்வொரு படியும் பேசிப் பேசித்தான் ஏறினான். ஒரு சொல் எங்கே விழுந்தால் சனத்துக்கு எங்கே நோகும் என்று அவனுக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமையை அவன் தெரிந்துதான் வைத்தான். விரதம் என்று சொன்னால் தாகம் இன்னும் கூடுமல்லோ.

பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நினைப்பவர்கள் நினைக்கட்டும், நீங்கள் நினைக்க வேண்டாம். அவன் படித்தான், நான் எட்டாம் வகுப்போடு நின்று உங்களோடு கடகம் தூக்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்ததுதான், அதை உங்களுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவனை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். சின்ன வயதில் சாப்பிட்ட கோப்பையை எப்போது கழுவுவான் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கோ? மாமா வீட்டுக்கு வந்த நாளில் மட்டும். மாமா, “உவன் பெட்டைப்பிள்ளையளிலும் திறம்,” என்று சொல்லுவார், உங்களுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். மாமா போன பிறகு கோப்பை நான் கழுவுவேன்.

இப்போதும் அதே கோப்பைதான், கிணற்றடிதான். பக்கத்தில் ஒரு போன் பிடித்தபடி ஒருவர் நிற்கிறார். அமைச்சர் தன் கோப்பையைத் தானே கழுவுகிற படம் ஊரெல்லாம் சுற்றுகிறது. கொழும்பில் இருந்து பஸ்ஸில் வருகிறாராம், அரசாங்க வாகனம் வேண்டாமென்றுவிட்டாராம். பஸ்ஸில் வருகிறது உண்மை. பஸ்ஸுக்குப் பின்னால் அவருடைய காவலுக்கு ஒரு ஜீப் வருகிறதும் உண்மை. அதற்குப் பெற்றோல் ஆர் அடிக்கிறது?

நான் அநியாயமாகவும் கதைக்கக்கூடாது. அவன் களவு எடுப்பதில்லை. ரோட்டு வேலை எடுக்கிற ஒரு கொந்திராத்துக்காரர் அவன் வீட்டு வாசலில் ஒரு பெரிய பிறிஜ்ஜைக் கொண்டுவந்து இறக்க, அதே லொறியில் திருப்பி ஏற்றிவிட்டான். அந்த நேரம் படம் எடுக்க ஒருவரும் இல்லை, நான்தான் பார்த்தேன். அவன் வீட்டு ஓடு இப்போதும் ஒழுகுகிறது. சொந்தக்காரருக்கு வேலை எடுத்துக் கொடுக்கவில்லை என்று சித்தப்பா ஆட்கள் அவனோடு கதைபேச்சு இல்லை. இதெல்லாம் உங்களுடைய வளர்ப்புத்தான். அதனால்தான் அம்மா எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறது. கள்ளன் என்றால் இவன் கள்ளன் என்று சொல்லிவிட்டு இருக்கலாம். காசில் சுத்தமாக இருக்கிற ஒருவன் கதையில் ஏன் கை வைக்கிறான்?

அந்தக் கதை முதலில் வந்தது உங்கள் கல்வெட்டில். வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்துச் சாப்பாடு போடும்போது, செத்தவரின் சீவியத்தைப் புகழ்ந்து அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றும் கொடுப்போம். அதைத்தான் கல்வெட்டு என்கிறது. அதில் ஒருவரும் கெட்டவரில்லை. பின் வளவுக் கந்தையா அண்ணைக்கு ‘ஈகைச் செம்மல்’ என்று அடித்திருந்தது. அவர் தன் கிணற்றில் ஒரு வாளி அள்ள விடமாட்டார் என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. புத்தகத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வடையைச் சாப்பிட்டார்கள். அது எங்கள் வழக்கம், செத்தவருக்கு நாங்கள் செய்கிற மரியாதை.

உங்கள் கல்வெட்டை வழமையாக எழுதுகிற வாத்தியாரிடம் கொடுக்காமல் தானே எழுதுகிறேன் என்று தம்பி வாங்கிக்கொண்டான். அச்சடித்து வந்ததை அன்றைக்குப் பந்தியில்தான் நான் பார்த்தேன். உங்களைப் பற்றி ஒரு பக்கம், அவனைப் பற்றி மூன்று பக்கம். நீர்வேலி, படலை, சிரட்டை எல்லாம் இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் அப்போது இல்லை. கையில் சாம்பார் வாளியோடு போய் அவனைக் கேட்டேன்.

“என்னடா தம்பி இது? அம்மா எங்கை சிரட்டையிலை குடிச்சவ?”

“கல்வெட்டுத்தானே அக்கா. ஆர் பார்க்கப் போகினம்?” என்றான்.

அந்தக் கிழமை தேர்தலுக்கு நியமனப் பத்திரம் கொடுத்தான். கல்வெட்டில் இருந்த கதை மேடைக்கு ஏறினது, மேடையில் இருந்து ரிவிக்குப் போனது. பழைய ஆட்களில் சனத்துக்குச் சலிப்பு. ஆரோ ஒரு புது ஆள், எங்களைப் போல பட்டு வந்த ஆள் வேண்டும் என்று காத்திருந்தார்கள். சிரட்டைக் கதையைக் கேட்ட பிறகு வேறு ஒன்றும் கேட்கவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவனுடையது பாராளுமன்றம் மட்டும் போயிட்டுது.

அந்த வாழைத்தோட்ட வீடு எது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அன்னம் மாமி வீடு.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எத்தனை வருசம் நான் உங்களோடு அந்த வீட்டுக்கு வந்தேன். அச்சுவேலிப் பக்கத்தால் போகிற முதல் பஸ்ஸில் கடகத்தைப் பின்னால் ஏற்றி, நீர்வேலியில் இறங்கி, தோட்டத்து வாய்க்கால் வரம்பால் நடந்து போவோம். மாமி பலகைக்கட்டையைப் போட்டு அதில் இருந்துகொண்டு விளைமீனின் செவுளைத் திறந்து பார்ப்பா. “இது நேற்றையான்,” என்பா. “உங்கடை கண்தான் நேற்றையான்,” என்று நீங்கள் சொல்லுவீர்கள். பேரம் முடிந்ததும் மாமியே கிணற்றில் அள்ளி உங்கள் கையில் ஊற்றுவா, மீன் வெடுக்கு நாற்றம் போக ஒரு பாதித் தேசிக்காய் தருவா. பிறகு தேத்தண்ணி. மூக்கு வைத்த பித்தளைப் பேணியில், மூக்குப்பேணியில்தான் தருவா, தானும் மூக்குப்பேணியில்தான் குடிப்பா. இரண்டு பேரும் விறாந்தையில் இருந்து ஊர் விடுப்பு எல்லாம் கதைப்பீர்கள். வெளிக்கிடும்போது கடகத்துக்குள் ஒரு கதலிச் சீப்போ வாழைப்பொத்தியோ இருக்கும்.

அடுப்படிக்குள் உங்களைக் கூப்பிட்டவவோ என்று கேட்டால், இல்லை. விறாந்தையோடு சரி. அதையும் நான் மறைக்க மாட்டேன். நீங்களும் அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை, கதைக்காததற்கு என்ன காரணமோ எனக்குத் தெரியாது. ஆனால் சிரட்டை இல்லை அம்மா. அந்தக் காலத்தில் சாதியைச் சொல்லிச் சிரட்டையில் குடிக்க வைக்கப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்றைக்கும் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பட்டதைக் கழற்றிக்கொண்டு வந்து இவன் உங்களுக்குப் போட்டு மேடையில் ஏற்றியிருக்கிறான். உங்களுக்கு இரக்கம் காட்ட வந்தவர்களை நீங்கள் எப்படி ஏசுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு முழு நாடும் உங்களுக்கு இரக்கம் காட்டுகிறது.

ரிவியில் வந்த கிழமையே யூரியூப்காரர் நீங்கள் மீன் விற்ற வீடுகளை விசாரித்து மாமியின் படலைக்குப் போய்விட்டார்கள். மீன்கார அம்மாவுக்குச் சிரட்டையில் தண்ணீர் கொடுத்த வீடு இதுதான் என்று மதிலையும் கிணற்றையும் படம் பிடித்துப் போட்டார்கள். மாமிக்கு இப்போது அவ்வளவு நடை ஏலாது, கண்ணும் மங்கல். கனடாவில் இருந்து மகன் போன் எடுத்தானாம். “அம்மா, நீங்கள் அப்பிடியோ செய்தனீங்கள்?” என்று கேட்டானாம். பெற்ற பிள்ளை.

நான் கேள்விப்பட்டு ஓடிப் போனேன். படலை சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. முந்தி அந்த வீட்டுப் படலை பகலில் பூட்டி நான் பார்த்ததே இல்லை. பேரைச் சொன்ன பிறகுதான் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து திறந்தா. என்னைக் கட்டிப் பிடித்து அழுவா அல்லது ஏசுவா என்று நினைத்துக்கொண்டு போனேன். இரண்டும் இல்லை. விறாந்தையில் இருத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா:

“பிள்ளை, நீ தானே கொம்மாவோடை வாறனீ. நான் அப்பிடிக் குடுத்தனானோ?”

“என்ன மாமி கதைக்கிறியள்?”

“இல்லைப் பிள்ளை. எல்லாரும் சொல்லுகினம். எனக்கு இப்ப ஞாபகம் எல்லாம் குழம்புது. ராத்திரி படுத்தால் சிரட்டையோடை நான் நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது. குடுத்தனான் எண்டால் சொல்லு. சாக முதல் மன்னிப்புக் கேட்டுப்போட்டுப் போறன்.”

அம்மா, அன்றைக்கு எனக்கு வந்த கோபம் என் சீவியத்தில் வந்ததில்லை. தம்பி உங்களைப் பற்றிப் பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன், நீங்கள் போய்விட்டீர்கள். இந்த மனுசி உயிரோடு இருந்து தன்னைத் தானே சந்தேகப்படுகிறா. உங்கள் செத்த வீட்டுக்கு ஓட்டோ பிடித்து வந்து, கூட்டத்துக்குள் நிற்க ஏலாமல் படலையடியில் கதிரை போட்டு இருந்து, பெட்டி போகும் மட்டும் அழுத மனுசி அது.

போன கிழமை உங்கள் முதலாம் வருச ஆட்டைத் திவசம் முடிந்தது. தம்பி வந்தான். பஸ்ஸில்தான் வந்தான். ஐயர் போன பிறகு, படம் எடுக்கிறவரைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு அவனைப் பின் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“சிரட்டைக் கதையை அம்மா உனக்கு எப்ப சொன்னவ?” என்று கேட்டேன்.

அவன் ஆயத்தமாக இருந்தான். “ஆஸ்பத்திரியிலை, கடைசி நாள். நீங்கள் குளிச்சிட்டு வரப் போயிட்டியள். நான் தானே பக்கத்திலை நிண்டனான்.”

நான் போனது உண்மை. அவன் நின்றது உண்மை. ஆனால் அந்த நேரம் உங்களுக்கு நாக்குக் குளறினது. தண்ணீர் என்று கேட்டால்கூட நான் காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. அப்படிக் கிடந்த நீங்கள் படலை, பேணி, எல்லாருக்கும் ஒரே தண்ணி என்று மேடைப் பேச்சாகவா சொன்னீர்கள்? இல்லை, எனக்குச் சொல்ல வெட்கப்பட்ட ஒன்றை ஆம்பிளைப் பிள்ளைக்குச் சொன்னீர்களோ? ஒரு கணம் எனக்கு உங்களிலேயே சந்தேகம் வந்தது. அதை நினைக்க இப்போதும் மனம் கூசுகிறது.

மாமியைப் பற்றிச் சொன்னேன். அவ கேட்டதை அப்படியே சொன்னேன். அவனுக்கு முகம் மாறினது, பொய் சொல்லக்கூடாது. பிறகு, “நான் பேர் சொல்லேல்லையே அக்கா,” என்றான். “மூக்குப்பேணிக்கு ஏன் மூக்கு வைச்சவை எண்டு யோசிச்சுப் பாத்தியளோ? மற்றவன்ரை வாய் படக்கூடாது எண்டுதானே? சிரட்டை எண்டால் என்ன, பேணி எண்டால் என்ன, எல்லாம் ஒண்டுதான்.”

படித்தவன் கதை. அதில் ஏதோ நியாயம் இருக்கிற மாதிரியும் இருந்தது. பிறகுதான் சொன்னேன், “அப்ப மூக்குப்பேணி எண்டே சொல்லியிருக்கலாமே. அந்த மனுசியும் அதிலைதான் குடிச்சது எண்டும் சொல்லியிருக்கலாமே.”

“அதுக்கு ஆர் அக்கா வோட்டுப் போடுவினம்?”

“சரி. வெள்ளிக்கிழமை ஆரடா மீன் வாங்கினது?”

அவன் என்னைப் பார்த்தான். முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் பெரிதாகச் சிரித்துவிட்டான். கடகம் தூக்கின வீட்டில் பிறந்தவனுக்கு நான் சொல்லித்தான் விளங்க வேண்டியிருந்தது.

“ஐயோ, உண்மைதானே,” என்றான். “இவ்வளவு நாளும் ஒருத்தரும் கவனிக்கேல்லை. நல்ல காலம் சொன்னியள். அடுத்த கூட்டத்திலை வியாழன் எண்டு மாத்திறன்.”

அம்மா, கேட்டீர்களா? வியாழன் என்று மாற்றுகிறானாம்.

“அம்மா சாகக் கிடந்து சொன்னது எண்டால், வெள்ளியை நீ எப்பிடி மாத்துவாய்?” என்று கேட்டேன். அவனுடைய போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய்விட்டான்.

இனி, இந்தக் கடிதத்தை அவசரமாக எழுதுகிறதுக்குக் காரணம். எங்கள் கரையில் கிணறெல்லாம் உவர் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை வருசம் சைக்கிளில் பிளாஸ்ரிக் கான் கட்டித் தண்ணீர் எடுத்தோம். தம்பி எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் குழாய் கொண்டுவந்துவிட்டான். சொன்னபடி செய்துவிட்டான், நல்ல தண்ணீர், குடித்துப் பார்த்தேன். சந்தியில் பெரிய தண்ணீர்த் தாங்கி, அதற்கு உங்கள் பெயர். கீழே ஒரு கறுப்புக் கல் பதித்திருக்கிறார்கள், இன்னும் சீலையால் மூடியிருக்கு. அதில் சிரட்டைக் கதை முழுக்க வெட்டியிருக்காம், நீர்வேலி என்ற ஊர்ப் பேரோடு. நாளை மறுநாள் திறப்பு விழா. முதல் குழாயைத் திறக்கிறது நான், அது தம்பி வைத்த ஏற்பாடு.

கதையை எடு, இல்லாவிட்டால் நான் வரமாட்டேன் என்று போனில் சொன்னேன். “கல்லு வெட்டியாச்சு அக்கா, இனி என்ன செய்யிறது?” என்றான்.

ஒழுங்கையில் ஆரைக் கேட்டாலும் ஒரே பேச்சு. கதை எப்படி இருந்தால் என்ன, தண்ணீர் வந்ததுதானே. உங்கள் மருமகனும் அதைத்தான் சொல்கிறார். “வெண்ணெய் திரண்டு வாற நேரம் தாழியை உடைக்காதையும். அவனுக்கு ஒண்டு எண்டால் எங்கடை ஒழுங்கைக்குத்தான் நட்டம். குழாயைத் திறந்துபோட்டுப் பேசாமல் வாரும்.” அவர் சொல்கிறதில் பிழை இல்லை. இரண்டு பிள்ளை பெற்ற வயிற்றோடு கான் சுமந்தவள் நான், தண்ணீரின் அருமை எனக்குத் தெரியாதா? அவன் நல்லவனோ கெட்டவனோ என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. நல்லது செய்வதற்காகப் பொய் சொல்கிறானோ, பொய் நிலைக்க வேண்டும் என்பதற்காக நல்லது செய்கிறானோ? நீங்கள் பெற்றவர், உங்களுக்காவது தெரியுமா?

இரண்டு நாள் யோசித்தேன். இன்றைக்குக் காலை முதல் பஸ்ஸில் நீர்வேலிக்குப் போனேன்.

“மாமி, நாளைக்கு மறுநாள் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வருவன். அம்மாவின்ரை பேரிலை தண்ணித் தாங்கி திறக்கினம். நீங்கள் எனக்குப் பக்கத்திலை நிக்கவேணும்,” என்றேன்.

சனம் என்ன சொல்லும் என்று மாமி கேட்கவில்லை. வாழைக்குலைகளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, “கொம்மாவின்ரை விசேசத்துக்கு நான் என்ன சீலை கட்டுறது?” என்றா.

ஆகவே அம்மா, நான் போகிறேன். குழாயையும் திறப்பேன். முதல் பேணித் தண்ணீரை மாமிக்குக் கொடுத்து, மிச்சத்தை அதே பேணியில் நான் குடிப்பேன். பிறகு சனத்தைப் பார்த்துச் சொல்லுவேன்: இந்த மனுசி என்ரை அம்மாவுக்குச் சிரட்டையில் தண்ணீர் கொடுக்கவில்லை, நான் பார்த்தவள். அவ்வளவுதான். தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். அவன் தலையைக் குனிந்தால் என் தம்பி. வியாழக்கிழமை என்று திருத்த வந்தால் அமைச்சர்.

இந்தக் கடிதம் அதற்கு முதல் நாளே பேப்பரில் வந்தால் அவன் வாசிப்பான், எனக்கு மைக் தராமல் விடுவான். விடட்டும். மைக் இல்லாமல் ஒரு பெண் ஒழுங்கையின் இந்தத் தலைப்பில் நின்று கூப்பிட்டால் மற்றத் தலைப்பில் அடுப்படிக்குள் நிற்கிறவளுக்குக் கேட்க வேண்டும் என்று நீங்கள் எனக்குப் பழக்கியிருக்கிறீர்கள். நீர்வேலியிலும் உரும்பிராயிலும் எத்தனை வருசம் அந்தக் குரலில் மீன் விற்றேன். அதே குரலில் சொல்லுவேன் அம்மா. இது சத்தியம்.

உங்கடை மூத்தவள்,
கடகத்தின் மற்றக் காதைப் பிடிச்சவள்.